தேதியோடு படியுங்கள்: பெர்டோல்ட் பிரெக்ட் குறித்து வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் இலக்கியமும் நாடகவியலும் பயிலும் மாணவர்கள் எழுதியவை. அவற்றில் ஆறு கடிதங்கள் ஒரே எழுத்தாளரைப் பற்றியவை என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறேன். 1898 பிப்ரவரி 10 அன்று அவுக்ஸ்பூர்க்கில் பிறந்து, 1956 ஆகஸ்ட் 14 அன்று கிழக்கு பெர்லினில் மறைந்த நாடகாசிரியரும் கவிஞருமான பெர்டோல்ட் பிரெக்ட்தான் அவர்.

கேள்வி: ஜெர்மன் இலக்கியத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். குளிர்காலப் பருவத்தில் பிரெக்ட் பற்றிய கருத்தரங்கு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அவருடைய நாடகக் கொள்கையை முதலில் படித்துவிட்டு, பிறகு நாடகங்களுக்குச் செல்வது சரியா? ‘அந்நியமாதல்’ என்று சொல்லப்படும் கோட்பாடு எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

பதில்: கொள்கையிலிருந்து தொடங்க வேண்டாம். பிரெக்டின் கொள்கைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை அவர் எழுதி முடித்த நாடகங்களுக்கும், நடத்திய ஒத்திகைகளுக்கும், சந்தித்த எதிர்ப்புகளுக்கும் பின்னர் எழுதப்பட்டவை. பாடநூல்கள் பலவற்றில் காணப்படும் அந்தப் புகழ்பெற்ற அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நாடக வடிவத்தையும் பிரெக்ட் முன்வைத்த காப்பிய வடிவ அரங்கையும் இரண்டு பத்திகளில் எதிரெதிரே நிறுத்தும் அந்த அட்டவணை, கூர்ட் வைலின் இசையில் 1930-இல் லைப்சிக் நகரில் அரங்கேறிய ‘மகாகொன்னி’ இசை நாடகத்துக்காக எழுதப்பட்ட குறிப்புகளில் இடம்பெற்றது. இவை முற்றிலும் எதிரான இரு துருவங்கள் அல்ல, அழுத்தம் இடம் மாறுவதையே அட்டவணை காட்டுகிறது என்று பிரெக்டே அதன் அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறார். மாணவர்கள் அட்டவணையை மனப்பாடம் செய்கிறார்கள், அடிக்குறிப்பைப் படிப்பதில்லை. கொள்கை நூல்களில் மிகத் தெளிவானதாக நான் கருதும் ‘அரங்குக்கான சிற்றேடு’ 1948-இல்தான் எழுதப்பட்டது. அதற்குள் அவருடைய பெரிய நாடகங்கள் எல்லாமே எழுதி முடிக்கப்பட்டிருந்தன.

நீங்கள் குறிப்பிடும் குழப்பத்துக்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். ஜெர்மன் மொழியில் ‘என்ட்ஃப்ரெம்டுங்’ ஒரு சொல், ‘ஃபெர்ஃப்ரெம்டுங்’ வேறொரு சொல். முதலாவது, தொழிலாளி தன் உழைப்பிலிருந்தும் அதன் விளைவிலிருந்தும் பிரிக்கப்பட்டு நிற்கும் நிலைக்கு மார்க்ஸ் கையாண்ட சொல். அது மனிதருக்கு நேரும் கேடு. இரண்டாவது, நன்கு பழகிப்போனதால் நம் கண்ணில் படாமலே போய்விட்ட ஒன்றை, முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்க்கவைக்கும் கலைச் செயல். பிரெக்ட் அதை அந்தக் கேட்டுக்கு எதிரான மருந்தாகவே கருதினார். தமிழில் இரண்டையும் ‘அந்நியமாதல்’ என்று எழுதிவிட்டால் நோயும் மருந்தும் ஒரே பெயரைச் சுமக்கின்றன. மார்க்ஸின் கருத்துக்கு ‘அந்நியமாதல்’ என்பதையும், பிரெக்டின் உத்திக்கு ‘அந்நியப்படுத்தல்’ என்பதையும் உங்கள் குறிப்பேட்டில் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். செய்வினை என்பது தெரிந்தாலே பாதி தெளிவு வந்துவிடும்: யாரோ ஒருவர், ஏதோ ஒரு நோக்கத்துக்காக, ஒன்றை அந்நியப்படுத்துகிறார்.

அந்த உத்தியை விளக்க அவர் எழுதியவற்றில் ‘தெருக்காட்சி’ என்னும் கட்டுரையை மட்டும் இப்போதைக்குப் படியுங்கள். வாகன விபத்தைக் கண்ணால் கண்ட ஒருவர், கூடி நிற்பவர்களுக்கு அது எப்படி நேர்ந்தது என்று நடித்துக் காட்டுகிறார். அவர் ஓட்டுநராகவே மாறிவிடத் தேவையில்லை; ஓட்டுநர் என்ன செய்தார் என்பதைக் காட்டினால் போதும், கூட்டம் தீர்ப்புச் சொல்லும். 1935-இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைக் கண்டபோது, பாத்திரத்தில் கரைந்துவிடாமல் பாத்திரத்தைக் காட்டும் அந்த முறை பிரெக்டை ஆழமாகப் பாதித்தது. அதன்பிறகு ஒரு நாடகத்தை எடுத்து, அது எழுதப்பட்ட ஆண்டையும் இடத்தையும் முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்துவிட்டுப் படியுங்கள். நான் மாணவனாக இருந்தபோது என் பேராசிரியர் இட்ட ஒரே கட்டளை இதுதான். அப்போது அது எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. இன்று நான் வேறு எந்தக் கட்டளையையும் இடுவதில்லை.

கேள்வி: ‘தாய்த் துணிவு’ நாடகத்தைப் பார்த்தபோது, ஊமைப் பெண் கட்ரின் கூரைமேல் ஏறி முரசு அறையும் காட்சியில் அழுதுவிட்டேன். உணர்ச்சிவசப்படுவதை பிரெக்ட் எதிர்த்தார் என்று வகுப்பில் சொன்னார்கள். நான் தவறாகப் பார்த்துவிட்டேனா?

பதில்: இல்லை. கட்ரின் முரசு அறையும்போது கண் கலங்காதவர் அந்தக் காட்சியைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன். உறங்கிக்கொண்டிருக்கும் ஹாலே நகரத்தை எழுப்புவதற்காகப் பேச்சற்ற ஒரு பெண் தன் உயிரைக் கொடுக்கிறாள். பிரெக்ட் எதிர்த்தது உணர்ச்சியை அன்று. உணர்ச்சி வந்ததும் சிந்தனை விடைபெற்றுக்கொள்வதை எதிர்த்தார்.

அவருடைய கவலை தாயைப் பற்றியது. போரை நம்பி வணிகம் செய்து, அந்தப் போருக்கே மூன்று பிள்ளைகளையும் இழந்த பிறகும் வண்டியை இழுத்துக்கொண்டு படையின் பின்னே செல்லும் அன்னா ஃபியர்லிங், 1941 ஏப்ரலில் சூரிக் நகரில் தெரேசே கீசேயின் நடிப்பில் முதன்முதலாக மேடையேறினாள். அழிக்க முடியாத தாய்மையின் சின்னமாக அவளைப் பலரும் கொண்டாடியதை அறிந்த பிரெக்ட், நாடகத்தைத் திருத்தினார். முதல் வடிவத்தில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடத் தன் சட்டைகளைத் தானே தந்தவள், திருத்தத்தில் தர மறுக்கிறாள். அவற்றை அவளிடமிருந்து பறிக்க வேண்டியிருக்கிறது. முதல் காட்சியில் மூத்த மகனைப் படைக்கு ஆள் சேர்ப்பவர்கள் அழைத்துச் செல்லும் அந்தக் கணத்தில், அவள் ஒரு பெல்ட்டுக் கொக்கியை விற்பதற்கு விலை பேசிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவுக்குப் பிறகும் 1949 ஜனவரியில் பெர்லினில் ஹெலேனே வைகல் நடித்தபோது மக்கள் அழுதார்கள். இடிபாடுகளுக்கு நடுவே, பிள்ளைகளை இழந்தவர்கள் நிறைந்திருந்த அரங்கில் வேறென்ன நடந்திருக்க முடியும்?

ஆகவே அழுததற்காக வெட்கப்படாதீர்கள். கட்ரினுக்காக வந்த கண்ணீரும் தாய்க்காக வந்த கண்ணீரும் ஒன்றுதானா என்று கேட்டுப் பாருங்கள். அவள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்ற குறை எழுந்தபோது, பாத்திரம் கற்றுக்கொள்ளாவிட்டாலும் பார்ப்பவர் கற்றுக்கொள்ள முடியும் என்பதே பிரெக்டின் பதிலாக இருந்தது.

கேள்வி: பருவ இறுதியில் தரவேண்டிய ‘ஹவுஸ்ஆர்பைட்’ கட்டுரைக்கு ‘கலிலேயோவின் வாழ்க்கை’ நாடகத்தைத் தேர்ந்தெடுத்தேன். நூலகத்தில் பார்த்தால் மூன்று வடிவங்கள் இருக்கின்றன. எது சரியான வடிவம்? எதை மேற்கோள் காட்ட வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். பலரும் கடையில் கிடைக்கும் தனிநூலை வாங்கி, அதுவே நாடகம் என்று நினைத்துக் கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். சரியான வடிவம் எது என்பதைவிட, ஒரே காட்சி ஏன் மூன்று முறை மாற வேண்டியிருந்தது என்ற கேள்வியே உங்கள் கட்டுரைக்கு உயிர் தரும்.

முதல் வடிவம் 1938-இன் இறுதியில் டென்மார்க்கில் எழுதப்பட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்த நிலையில், ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடம் எரிந்த மறுநாள், அதாவது 1933 பிப்ரவரி 28 அன்று, பிரெக்ட் ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்தார். அவருடைய நூல்கள் எரிக்கப்பட்டன. 1935-இல் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. அதே ஆண்டு, உண்மையை எழுதுவதில் உள்ள ஐந்து இடர்ப்பாடுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், உண்மையைப் பலரிடையே பரப்புவதற்குத் தந்திரமும் வேண்டும் என்று வாதிட்டார். முதல் கலிலேயோ அந்தத் தந்திரத்தின் உருவம். சமய விசாரணை மன்றத்தின் முன் தன் கொள்கையை மறுத்துவிட்டு, காவலில் இருந்தபடியே ‘டிஸ்கோர்சி’ நூலை மறைவாக எழுதி முடித்து, நாட்டுக்கு வெளியே அனுப்பிவைக்கும் கிழவர். கொடுங்கோன்மையின் கீழ் வாயடைத்து உழைப்பவர்களுக்கு அந்தக் காலத்தில் அது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது வடிவம் அமெரிக்காவில் உருவானது. நடிகர் சார்லஸ் லாட்டனுக்கு ஜெர்மன் தெரியாது; பிரெக்டின் ஆங்கிலம் போதாது. ஒருவர் நடித்துக் காட்ட மற்றவர் சொல் தேடும் முறையில் அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது, 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்டது. நவீன இயற்பியலைத் தொடங்கிவைத்தவரின் வரலாறு ஒரே இரவில் வேறு பொருள் கொண்டுவிட்டது என்று பிரெக்ட் பின்னர் எழுதினார். 1947-இல் பெவர்லி ஹில்ஸில் மேடையேறிய இந்த வடிவத்தில் கலிலேயோவின் பின்வாங்கல் தந்திரம் அல்ல, குற்றம். அதைக் குற்றம் என்று சொல்பவரும் அவரே.

மூன்றாவது, ஹைட்ரஜன் குண்டுகள் வந்துவிட்ட பிறகு, பெர்லினில் 1955-56-இல் அமைந்த வடிவம். மருத்துவர்களுக்கு இருப்பது போன்ற ஓர் உறுதிமொழியை அறிவியலாளர்களும் எடுத்திருக்க முடியும், நான் உறுதியாக நின்றிருந்தால் அது நடந்திருக்கும் என்று இதில் கலிலேயோ தம்மைத் தாமே தண்டிக்கிறார். அது நடக்காததால், எதற்கு வேண்டுமானாலும் கூலிக்கு அமர்த்தப்படக்கூடிய புத்திசாலிக் குள்ளர்களின் கூட்டம்தான் மிஞ்சும் என்கிறார். இந்த வடிவத்தின் ஒத்திகையை நடத்திக்கொண்டிருந்த பிரெக்ட், பெர்லின் அரங்கேற்றத்தைக் காண உயிருடன் இல்லை.

உங்கள் கட்டுரைக்கு நான் பரிந்துரைப்பது கலிலேயோவும் அவருடைய மாணவன் அந்திரேயாவும் கடைசியாகச் சந்திக்கும் காட்சி ஒன்றை மட்டுமே. மூன்றாம் வடிவத்தில், கையெழுத்துப் பிரதியைப் பெற்றுக்கொண்ட அந்திரேயா மகிழ்ச்சியில் பொங்கி, எதிரியிடமிருந்து உண்மையை மறைத்தீர்கள், அறத்திலும் எங்களைவிட நூற்றாண்டுகள் முந்திச் சென்றுவிட்டீர்கள் என்று ஆசிரியரைப் புகழ்கிறான். கலிலேயோ அதை ஏற்கவில்லை. அவர்கள் என்னிடம் கருவிகளைக் காட்டினார்கள், உடல் வலிக்கு அஞ்சினேன், திட்டம் எதுவும் இல்லை என்கிறார். 1938-இல் நாடகமே நம்பிய கருத்து, கடைசி வடிவத்தில் அந்திரேயாவின் வாயில் வைக்கப்பட்டு, அதே மேடையில் மறுக்கப்படுகிறது. தன் பழைய எண்ணத்தை அழித்துவிடாமல், அதற்குப் பேச இடம் கொடுத்துவிட்டு அதனுடன் வாதிடும் எழுத்தாளர்கள் அரியவர்கள். பதினைந்து பக்கக் கட்டுரைக்கு இந்த ஒரு காட்சி தாராளமாகப் போதும். நாடகம் முழுவதையும் சுருக்கிச் சொல்ல முயலாதீர்கள்.

மேற்கோள்களுக்கு, 1988 முதல் 2000 வரை 30 தொகுதிகளாக வெளிவந்த, உரைக்குறிப்புகளுடன் கூடிய பெரும்பதிப்பைப் பயன்படுத்துங்கள். மூன்று வடிவங்களையும் அது தருகிறது. பெர்லின்–ஃபிராங்க்ஃபுர்ட் பதிப்பு என்று அது அழைக்கப்படுவதற்குக் காரணம், நாடு பிரிந்திருந்தபோதே கிழக்கின் அவுஃப்பாவ் பதிப்பகமும் மேற்கின் சூர்காம்ப் பதிப்பகமும் சேர்ந்து அதைத் தொடங்கியதுதான்.

கேள்வி: என் குடும்பத்தில் கம்யூனிசத்தின் பெயரால் துன்பப்பட்டவர்கள் உண்டு. பிரெக்டின் கவிதைகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. அவருடைய அரசியலை ஏற்க முடியவில்லை. கலையையும் அரசியலையும் பிரித்துவைத்துப் படிக்கலாமா? வகுப்பில் என் கருத்தைச் சொல்லத் தயங்குகிறேன்.

பதில்: பிரித்துப் படிக்க முடியாது, அதற்காக உடன்பட வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் குடும்பத்தின் அனுபவத்தை வகுப்பறைக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியதில்லை. அது உங்களை முன்முடிவுகொண்டவராகக் காட்டும் என்று அஞ்சுகிறீர்கள் போலிருக்கிறது. மேடையின் முன் அமர்பவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் கேட்டவரை, தீர்ப்பே சொல்லாமல் படிப்பதுதான் பிழையாகும்.

தீர்ப்புக்கு முன் ஆவணங்கள் வேண்டும். பிரெக்ட் 1926-இல் மார்க்ஸின் ‘மூலதன’த்தைப் படிக்கத் தொடங்கினார், ஆனால் கட்சி உறுப்பினராக ஒருபோதும் சேரவில்லை. 1947 அக்டோபர் 30 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் அவர் அதையே சொன்னார். மறுநாளே அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டார். கிழக்கு பெர்லினில் அவருக்குச் சொந்த நாடகக் குழு கிடைத்தது. கிழக்கு ஜெர்மனியில் 1953 ஜூன் 17 அன்று, வேலை அளவு உயர்த்தப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது சோவியத் டாங்கிகள் வந்தன. அன்று கட்சித் தலைவர் உல்பிரிக்டுக்கு பிரெக்ட் ஒரு கடிதம் எழுதினார். மக்களோடு பெரிய அளவில் விவாதம் நடத்த வேண்டும் என்பதும் அதில் இருந்தது. கட்சியோடு தமக்குள்ள ஒற்றுமையைத் தெரிவிக்கும் கடைசி வாக்கியமும் இருந்தது. கட்சி நாளேடு அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அச்சிட்டது. அதே கோடையில் அவர் ‘தீர்வு’ என்ற கவிதையை எழுதினார். மக்கள் அரசின் நம்பிக்கையை இழந்துவிட்டார்களாம், அப்படியானால் அரசு இந்த மக்களைக் கலைத்துவிட்டு வேறு மக்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது எளிதல்லவா என்று கேட்கும் கவிதை அது. அவர் உயிருடன் இருந்தவரை அது அச்சேறவில்லை.

இன்னும் கடினமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் தம் ஆசிரியர் என்று அழைத்த சோவியத் எழுத்தாளர் செர்கேய் த்ரெத்யாகோவ் 1937-இல் ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்டார். அவருடைய இசை நாடகமான ‘மூன்று காசு ஒப்பரா’வின் திரைப்பட வடிவத்தில் பாலி என்ற பெண்ணாக நடித்த கரோலா நேஹர் 1936-இல் மாஸ்கோவில் கைதாகி, 1942-இல் சோவியத் சிறையிலேயே இறந்தார். த்ரெத்யாகோவுக்காக, ஒருவேளை அவர் குற்றமற்றவராக இருந்தால் என்ற கேள்வி திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு கவிதையை பிரெக்ட் எழுதி, வெளியிடாமல் வைத்துக்கொண்டார். கரோலா நேஹருக்காகத் தனிக் கடிதங்களில் விசாரித்தார், பொதுவெளியில் பேசவில்லை. ஹிட்லருக்கு எதிரான அணி பிளவுபடக்கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம் என வாதிடுபவர்கள் உண்டு. பல ஆண்டுகளாக அவரைப் படித்தும் அந்த மௌனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கவிதையை மறக்கவும் முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே வகுப்பில் சொல்லுங்கள். எந்த நல்ல பேராசிரியரும் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டார்.

கேள்வி: பிரெக்டின் பெயரில் வந்த படைப்புகளை உண்மையில் அவரைச் சுற்றியிருந்த பெண்களே எழுதினார்கள் என்று ஒரு தோழி சொன்னார். உண்மையா?

பதில்: அவர்களே எழுதினார்கள் என்பது மிகை, அவர்கள் வெறும் உதவியாளர்கள் என்பது அநீதி. ஜான் கேயின் 1728-ஆம் ஆண்டு இசை நாடகத்தை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவர் எலிசபெத் ஹவுப்ட்மான்; அந்த மொழிபெயர்ப்பு இல்லாமல் 1928 ஆகஸ்ட் 31 அன்று பெர்லினில் அரங்கேறிய ‘மூன்று காசு ஒப்பரா’ இல்லை. தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த மார்கரெட் ஸ்டெஃபின் பல நாடகங்களின் ஒவ்வொரு வரியோடும் போராடியவர். காசநோயால் 1941-இல் மாஸ்கோவில் இறந்தார். ஒத்துழைத்தவர்களின் பெயர்களை நூல்களில் அச்சிட்டவர் பிரெக்டே என்பதும் உண்மை. புகழும் பணமும் அதே விகிதத்தில் பகிரப்படவில்லை என்பதும் உண்மை. ‘மூன்று காசு ஒப்பரா’வின் பாடல்களில் பிறர் மொழிபெயர்த்த வரிகள் இருப்பதாக 1929-இல் குற்றச்சாட்டு எழுந்தபோது, அறிவுச் சொத்து விஷயத்தில் தமக்கு அடிப்படையிலேயே ஒரு தளர்வு உண்டு என்று அவர் பதில் சொன்னார். அந்தத் தளர்வின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்பது நல்ல ஆய்வுக் கேள்வி. ஒவ்வொரு நாடகமாக எடுத்துக் கேளுங்கள். மொத்தமாக ஒரே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: என் ஜெர்மன் இன்னும் போதாது. கவிதைகளை மொழிபெயர்ப்பில் படித்தால் போதுமா?

பதில்: மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூலத்தை வாய்விட்டுப் படியுங்கள். பிரெக்டின் ஜெர்மன் கடினமானதன்று. உங்களை மிகவும் பாதித்த நூல் எது என்று 1928-இல் ஒரு பத்திரிகை கேட்டபோது, சிரிப்பீர்கள், பைபிள்தான் என்று பதில் சொன்னவர் அவர். லூத்தர் மொழிபெயர்த்த பைபிளின் பேச்சோசை அவருடைய வரிகளில் எங்கும் கேட்கும்.

எதுகையற்ற, ஒழுங்கற்ற சந்தம் கொண்ட கவிதையைப் பற்றி 1939-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் தரும் எடுத்துக்காட்டும் பைபிளிலிருந்தே வருகிறது. அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம். ‘உனக்கு இடறலான கண்ணைப் பிடுங்கிப் போடு’ என்பது ஒரு வாக்கியம். ‘உன் கண் உனக்கு இடறலானால், பிடுங்கிப் போடு’ என்பது இன்னொன்று. பொருள் ஒன்றுதான். முதலாவதில் காரணம் பெயரெச்சமாகச் சுருங்கி, கட்டளைக்குள் மறைந்துவிடுகிறது. இரண்டாவதில் முதலில் காரணம் வருகிறது, குரல் சற்று நிற்கிறது, பிறகு கட்டளை விழுகிறது. சொல்பவரின் கை எங்கே உயரும் என்பதுகூட நமக்குத் தெரிந்துவிடுகிறது. லூத்தர் இரண்டாவது முறையில்தான் எழுதினார். சொல்லுக்குள் இருக்கும் இந்த உடல்மொழியையும் மனநிலையையும் சேர்த்து பிரெக்ட் ‘கெஸ்டுஸ்’ என்றார். வகுப்பில் அந்தச் சொல்லுக்கு வரையறை கேட்டால், இந்த இரண்டு வாக்கியங்களையும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

அதே 1939-இல் எழுதிய ‘கவிதைக்கு ஏற்காத காலம்’ என்ற கவிதையிலிருந்து தொடங்கலாம். பூத்து நிற்கும் ஆப்பிள் மரம் தரும் பரவசமும், வண்ணமடிப்பவனின் பேச்சுகள் தரும் திகிலும் தனக்குள் மோதுகின்றன, இரண்டாவதுதான் தன்னை எழுதும் மேசைக்குத் துரத்துகிறது என்கிறார். சுவருக்கு வண்ணமடிப்பவன் என்று அவர் ஹிட்லரையே குறிப்பிடுவது வழக்கம்; உரைக்குறிப்பு இல்லாத பதிப்பில் இது புரியாமலே போய்விடும். தன் பாட்டில் ஓர் எதுகை வந்தால் அதுவே அகந்தை போலத் தோன்றும் என்று சொல்லும் அந்தக் கவிதையில், எதுகை வேண்டாத அந்த வரிகளின் ஓசையைக் கேட்டுப் பாருங்கள். பிறகு ஆண்டையும் இடத்தையும் பக்கத்தின் மேல் மூலையில் குறித்துக்கொண்டு, அடுத்த கவிதைக்குச் செல்லுங்கள்.